பாட்டு டீச்சரின் தொண்டைக்கு ஓய்வுநாள் எது?

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் முடிந்து பள்ளிகள் திறந்ததும் எங்கள் குரல் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குறிப்பிட்ட கூட்டம் வரும். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். பள்ளியில் மியூசிக் மிஸ், வீட்டில் கீபோர்டு டியூஷன் டீச்சர், கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவை நடத்தும் அக்கா. மூன்றும் ஒரே ஆள்தான். பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், மார்த்தாண்டம் என எங்கிருந்து வந்தாலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "காலையில நல்லாத்தான் இருக்கு மேடம். சாயங்காலம் ஆச்சுன்னா குரலே வர மாட்டேங்குது. மேல் ஸ்தாயி சுத்தமா போயிடுச்சு."

ஸ்பீச் தெரபிஸ்டாக நான் அவர்களிடம் முதலில் தொண்டையைப் பற்றிக் கேட்பதில்லை. "எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் எங்கெல்லாம் பேசுறீங்க, எங்கெல்லாம் பாடுறீங்க, வரிசையா சொல்லுங்க" என்பேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். யாரையும் அடையாளம் காட்ட வேண்டாம் என்பதால் பலருடைய நாளையும் சேர்த்து ஒரே நாளாகச் சொல்கிறேன்.

அதிகாலையில் குடும்ப ஜெபம், பாட்டோடு. எட்டரைக்குப் பள்ளி மைதானத்தில் அசெம்பிளி. மைக் பழுதென்றால் டீச்சர்தான் முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் வகுப்புக்கு வகுப்பு நாற்பது, ஐம்பது பிள்ளைகள், மேலே கடகடவென்று ஓடும் மின்விசிறி. சாப்பாட்டு நேரத்தில் ஆண்டு விழாப் பயிற்சி. சாயங்காலம் வீட்டில் அடுத்தடுத்து கீபோர்டு வகுப்புகள். மாணவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று மேலே மேலே எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் தன்னுடைய டிரினிட்டி இசைக் கிரேடு தேர்வுக்கான பயிற்சி. கல்யாணமானவர் என்றால் சமையலும் கைக்குழந்தையும் சேர்த்து. வெள்ளி, சனி இரவுகளில் பாடகர் குழுப் பயிற்சி.

இந்தப் பாடகர் குழுப் பயிற்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பாதிச் சேதாரம் அங்கேதான் நடக்கிறது. நம் சபைகளில் நான்கு குரலில் பாடுகிற அருமையான மரபு இருக்கிறது. டோ, ரே, மீ என்று சுரங்களைக் குறிக்கும் சொல்ஃபா எழுத்துகளைப் பார்த்து சொப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று தனித்தனியாகப் படிப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் சொல்ஃபா வாசிக்க வராது. அதனால் டீச்சர் சொப்ரானோவைப் பாடிக் காட்டுவார், ஆல்டோவைப் பாடிக் காட்டுவார். பிறகு டெனர் பையன்களுக்காகத் தன் குரலைத் தணித்துப் பாடுவார். கடைசியில் பேஸ் பாடும் அண்ணன்மார்களுக்காக, தனக்கு இல்லாத கீழ் ஸ்தாயியில், தொண்டையை அழுத்தி உறுமுவது போல் ஒலியெழுப்பிக் காட்டுவார். ஒரே பாமாலைப் பாட்டுக்கு நான்கு ஆட்களின் வேலை. அதையும் பிழை திருத்தித் திருத்தி, பின்னால் கதை பேசுகிறவர்களை அதட்டிக்கொண்டே செய்வார்.

இனி உள்ளே நடப்பது. தொண்டைக்குள் குரலை எழுப்பும் குரல்நாண்கள் இரண்டும் மிகச் சிறியவை. பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சாதாரணமாகப் பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதித் திறக்கின்றன. இடைவிடாமல் ஒரு மணி நேரம் குரல் எழுந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் மோதல்கள். நடு 'லா'வைப் பாடினால் நொடிக்கு 440. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு மோதலின் வேகமும் கூடும். அடி அதிகம் விழுவது நாண்களின் அசையும் பகுதியின் நடுவில். அங்கேதான் முதலில் வீக்கம் வரும். ஓய்வில்லாமல் நாட்கள் போனால் அதே இடத்தில் இரண்டு பக்கமும் காய்த்துப்போய்ச் சிறு முடிச்சுகள் உருவாகும். நாடியூல் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பது இதைத்தான். முடிச்சுக்கு முன்னும் பின்னும் நாண்கள் சரியாக மூடாது, காற்று கசியும். அதனால்தான் குரல் கரகரப்பாகிறது, மெல்லிய மேல் ஸ்தாயி முதலில் தொலைகிறது.

பள்ளிக்கூடக் குரல், டியூஷன் குரல், ஊழியக் குரல் என்று குரல்நாணுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அன்றைய மொத்தம்தான் அதற்குக் கணக்கு. "ஸ்கூல்ல ரெண்டு பீரியட்தான் பாடினேன் மேடம்" என்பார். உண்மைதான், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. கூட்டிப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் சிக்கல். தலைமையாசிரியைக்கு டியூஷன் தெரியாது, டியூஷன் பெற்றோருக்குப் பாடகர் குழு தெரியாது, சபையாருக்குப் பள்ளி தெரியாது.

இது நம் ஊர் டீச்சர்களுக்கு மட்டும் வரும் பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு முறையாவது குரல் கோளாறு வந்ததாகச் சொன்னவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். ஆசிரியர் என்றாலே ஏறக்குறைய இரட்டிப்பு. பாட்டு டீச்சர் பேசுவதோடு பாடவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஓய்வுநாள், இவருக்கோ வாரத்திலேயே கனமான நாள். முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை, ஞாயிறு பள்ளி, மாலையில் வாலிபர் கூட்டம். திங்கள் காலை மறுபடியும் அசெம்பிளி. வீங்கிய நாண் வற்றுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. டிசம்பரிலோ வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். பனியில் வேனில் நின்று, டிரம்மும் ஜெனரேட்டரும் போடும் சத்தத்துக்கு மேல் நள்ளிரவு தாண்டியும் பாட வேண்டும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே இன்றும் சொல்கிறோம். நள்ளிரவில் வீட்டுக்கு வீடு கேக்கும் காபியும் சாப்பிட்டுவிட்டு வந்து உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டைவரை ஏறி, ஏற்கெனவே புண்ணான இடத்தை இன்னும் எரிச்சலாக்கும்.

இந்தப் பெண்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தனியார் பள்ளிச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடக்காது, டியூஷனை விட முடியாது. பாடகர் குழுவையோ, காசு வராவிட்டாலும் விட மனமிருக்காது. "ஆண்டவர் குடுத்த தாலந்து மேடம், புதைச்சு வைக்கலாமா?" என்று, தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியக்காரனின் பைபிள் கதையை மனதில் வைத்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நானும் சபைப் பாட்டில் வளர்ந்தவள்தான், அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். அவர்களிடம் பைபிளில் மாற்கு ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கச் சொல்வேன். ஊழியம் முடித்து வந்த சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாதபடி ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, தனியான ஓர் இடத்துக்குப் போய் இளைப்பாறலாம் என்று இயேசுவே அவர்களை அழைக்கிறார். ஓய்வெடுப்பது ஊழியத்துக்கு எதிரானது அல்ல.

சரி, குரல் கட்டினால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? மிளகுப்பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை. இதமாக இருக்கும், தவறில்லை. ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். தண்ணீரும் உள்ளே போய், உடம்பு முழுவதும் ஈரமாகி, அதன் வழியாகத்தான் நாணுக்கு உதவும். அதனால் தாகம் எடுத்த பிறகு குடித்தால் போதாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நேராக நாணைத் தொடுவது ஆவி. வெறும் வெந்நீர் ஆவி போதும், தைலம் வேண்டாம். குரல் போனால் கிசுகிசுத்துப் பேசுவது அடுத்த பழக்கம். அழுத்திக் கிசுகிசுத்தால் தொண்டைத் தசைகள் இன்னும் இறுகும். பேசாமல் இருங்கள், பேசியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள். அடிக்கடி "க்ஹும்" என்று தொண்டையைச் செருமுவதும் நாண்களை ஒன்றோடொன்று அறைவதுதான். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். வீக்கம் தற்காலிகமாக இறங்கும், குரல் வந்துவிட்டதாக நினைத்து முழு பலத்தோடு பாடுவார்கள், நாணில் இரத்தம் கசியும் ஆபத்து அப்போதுதான். தொண்டைக்குள் பார்க்கும் ஸ்கோப் கருவியில் நாணைப் பார்க்காமல் அந்த ஊசி போடவே கூடாது.

நான் பார்த்தவரை உடனடியாகப் பலன் தருவது மைக்தான். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் சேர்ந்த டீச்சர் மைக், ஆன்லைனில் அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. குரல் கோளாறு உள்ள ஆசிரியர்களை வைத்து 2002இல் வெளியான ஆய்வொன்றில், இப்படி மைக் பயன்படுத்தியவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, குரல் பராமரிப்பு அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த அளவு தெரியவில்லை. ஆகவே பள்ளி நிர்வாகிகளே, அறிவுரையோடு மைக்கும் வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது கை. சொல்ஃபாவைப் பரப்பிய ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை வகுத்தார். அவரும் ஒரு போதகர்தான். டோ என்றால் மூடிய கை, ஸோ என்றால் உள்ளங்கை தன்னைப் பார்த்தபடி. நம் சபைகளில் சொல்ஃபா இருக்கிறது, கைச்சைகை மட்டும் பல இடங்களில் விட்டுப்போயிற்று. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் டீச்சர் வாயைத் திறக்காமலே பாதிப் பாடத்தை நடத்தலாம், பிள்ளைகளுக்கும் உற்சாகம். கீபோர்டு வகுப்பில் எண்ணுவதற்குத் தாளம் தட்டும் கருவியான மெட்ரனோம் இருக்கிறது, அது கத்திக்கொள்ளட்டும்.

பாடகர் குழுவில் டெனரையும் பேஸையும் டீச்சர் பாடிக்காட்ட வேண்டாம். சொல்ஃபா தெரிந்த ஒருவரை ஒவ்வொரு குரலுக்கும் தலைவராக்கி, அவரை வைத்து ஒரு முறை வாட்ஸ்அப்பில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். மற்றவர்கள் வீட்டிலேயே கேட்டுவிட்டு வரட்டும். கீர்த்தனை பாடும்போது சுருதி டீச்சருக்கு எட்டவில்லை என்றால் கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும். சபை அதற்காகக் குறைந்துவிடாது.

பாடுவதற்கு முன்னும், பாடி முடித்த பிறகும் இன்னொன்று. அரை பாட்டில் தண்ணீரில் ஓர் உறிஞ்சுகுழாயை இரண்டு விரல் ஆழம் விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று மெல்ல முனகுங்கள். கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாகச் சறுக்குங்கள். சில நிமிடம் போதும். குழாயின் எதிர் அழுத்தத்தால் நாண்கள் முட்டாமல் மென்மையாக அசையப் பழகும்.

திங்கட்கிழமையை நாண்களின் ஓய்வுநாளாக்குங்கள். பள்ளிக்கு விடுமுறை கிடைக்காது, தெரியும். அன்றைக்கு எழுத்துத் தேர்வு, ராகம் கேட்டுக் கண்டுபிடித்தல், தாளம் தட்டுதல் என்று பாடத்தை வையுங்கள். டியூஷனை வேறு நாளுக்கு மாற்றுங்கள். இதைச் சபையின் குருவானவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். நான் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலான குருவானவர்கள் புரிந்துகொண்டு, கேரல் ரவுண்ட்ஸில் டீச்சருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தெரிந்த பாட்டின் முதல் வரியை உயர்ந்த ஸ்தாயியில், ஆனால் தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெதுவாகப் பாடிப் பாருங்கள். வழக்கமாக வரும் சுரம் அடைத்துக்கொண்டாலோ காற்று மட்டும் வந்தாலோ வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். அன்று சத்தமாகப் பாடுவதை ஒத்திப்போடுங்கள். பாடும்போதோ கத்தும்போதோ குரல் திடீரென்று அறுந்ததுபோல் நின்றுவிட்டால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மறுநாளே டாக்டரைப் பாருங்கள். கரகரப்பு நான்கு வாரம் தாண்டினால் கட்டாயம் ஸ்கோப் பார்க்க வேண்டும். இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் நான்கு வாரம் காத்திருக்கவே கூடாது.

முடிச்சு என்று கேட்டதும் ஆபரேஷன் என்று அழுகிறார்கள். பெரும்பாலான முடிச்சுகள் சில மாதக் குரல் பயிற்சியிலும், அன்றாடக் குரல் கணக்கை மாற்றியமைப்பதிலும் கரைந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். குரல்வளையைக் கண்ணாடி வைத்து முதன்முதலில் தெளிவாகப் பார்த்து, 1855இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பியவர் மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். டாக்டரிடம் போகும்போது "தொண்டை கட்டியிருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "நான் பாட்டு டீச்சர், இத்தனை மணி நேரம் பாடுறேன், ஸ்ட்ரோபோஸ்கோப்பி பார்க்கணுமா?" என்று கேளுங்கள். மின்னும் ஒளியில் நாண்களின் அசைவைப் பார்க்கும் பரிசோதனை அது. வாரம் முழுவதும் குரல் எங்கெங்கே போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.