பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா?

சென்ற வாரம் ஐம்பத்திரண்டு வயதான ஒருவரை ஆட்டோவில் வைத்து எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வலக்கையும் வலக்காலும் செயலற்றிருந்தன, பேச்சு குழறியது, இரத்த அழுத்தம் 220/120. அவருடைய மனைவி மஞ்சள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டு மாதத்துக்கான அம்லோடிபின், டெல்மிசார்டான் அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ரப்பர் பேண்டு போட்டு அதற்குள் அடுக்கப்பட்டிருந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்த மாத்திரைகள் அவை. "வேண்டாம்னு சொல்ல மனசில்ல சார், வாங்கி வச்சிட்டோம். மாத்திரை போட்டா கிட்னி போயிடும்னாங்க, அதான் மருதம்பட்டைக் கஷாயத்துக்கு மாறிட்டார்" என்றார். இந்தப் பதிலை எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆகவே முதலில் அந்தச் சிறுநீரகப் பேச்சுக்கு வருகிறேன். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது, தலை சுற்றாது. பத்து ஆண்டுகள் உடம்புக்குள் இருந்தாலும் பலருக்குத் தெரியாது. அந்தப் பத்து ஆண்டுகளிலும் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துப்போகின்றன. பிறகு ஒருநாள் கண்டுபிடித்து மாத்திரை தொடங்குகிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருப்பது தெரியவருகிறது. உறவினர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்: மாத்திரை தொடங்கியது முன்னால், சிறுநீரகம் கெட்டது பின்னால். நனைந்தபடி குடை பிடித்து வருபவரைப் பார்த்து, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வதற்கு இது சமம். உண்மையில், சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்கினால், அவருடைய சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே நாங்கள் கொடுப்பது எனாலப்ரில், டெல்மிசார்டான் வகை மருந்துகளைத்தான். அவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியாட்டினின் சற்றே ஏறக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறோம், ஆய்வகத்துக்கு வருமானம் தேடித் தருவதற்காக அல்ல. சிறுநீரகத்தை மெய்யாகவே கெடுப்பதும் அழுத்தத்தை ஏற்றுவதும் மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். அவற்றைக் கண்டு இதுவரை யாரும் என்னிடம் அஞ்சியதில்லை.

இயற்கை மருத்துவமா, இங்கிலீஷ் மருந்தா என்ற கேள்வியே எனக்குப் புரிவதில்லை. சர்ப்பகந்தா வேரைக் கொண்டு இரத்த அழுத்தத்தைக் குறைத்த அனுபவத்தைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949 இல் ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952 இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வேரிலிருந்து வந்ததுதான் என்றாலும் அதுவும் மூக்கடைப்பையும், சிலருக்கு மனச்சோர்வையும் தந்தது. எனாலப்ரில் வகையில் அதற்கு முன்பே வந்த அழுத்த மருந்தான காப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்தது. இவற்றில் எது இயற்கை, எது செயற்கை? அதிமதுரமும் மூலிகைதான், நாள்தோறும் சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றி, உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

உணவும் நடையும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் மிகுந்த உணவுமுறையை அமெரிக்காவில் சோதித்து 1997 இல் வெளியிட்ட ஆய்வில், உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 11 புள்ளி குறைந்தது. சர்க்கரை நோயோ வேறு பாதிப்போ இல்லாமல் 144/92 என்று வருபவருக்கு நானே மூன்று மாதம் அவகாசம் கொடுத்து, ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்கிறேன். சிலருக்கு மாத்திரையே தேவைப்படுவதில்லை. ஆனால் 180 இல் இருப்பவருக்கு 11 குறைந்தால் 169 ஆகும், அவ்வளவுதான். பூண்டின் பங்கும் சிறியதே. உப்பைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர்களே, அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் சேர்த்த மாற்று உப்பைச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினாலோ எனாலப்ரிலால் வறட்டு இருமல் வந்தாலோ சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். வீட்டில் அளப்பதாக இருந்தால், காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் அளந்து, நோட்டில் எழுதுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108 ஐ அழையுங்கள்.

கஷாயம் குடிப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். அடுத்த முறை வரும்போது அந்தப் பாட்டிலையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். நான் திட்ட மாட்டேன். அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்வோம்.