எதேச்சாதிகாரம்: ஒரு சொல்லும் சுகார்த்தோவும்

சிங்கப்பூரின் தேக்காவில் பழைய நண்பரை ‘எதேச்சையாகப்’ பார்த்தேன் என்கிறோம். அண்டை நாட்டில் ஒருவர் 32 ஆண்டுகள் ‘எதேச்சாதிகாரம்’ செய்தார் என்றும் எழுதுகிறோம். முன்னதில் யாருடைய விருப்பமும் இல்லை. பின்னதில் ஒருவருடைய விருப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

வடமொழியில் ‘யதா’ என்றால் ‘எப்படியோ அப்படி’. ‘இச்சா’ என்றால் விருப்பம். இரண்டும் சேர்ந்து ‘யதேச்சா’, அதாவது விரும்பியபடி. அதனோடு அதிகாரத்தை ஒட்டினால் யதேச்சாதிகாரம். ‘ஆவோடு அல்லது யகரம் முதலாது’ என்பது தொல்காப்பியம். யமன் எமனானதும் யந்திரம் எந்திரமானதும் போல இதுவும் எகரத்துக்கு வந்து சேர்ந்தது. தற்செயல் என்ற பொருள் எங்கிருந்து ஒட்டியது? ‘யத்ருச்சா’ என்று வேறொரு வடசொல் உண்டு. அதற்குத்தான் தற்செயல் என்று பொருள். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக விழுந்ததால் தமிழில் கலந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘அதிகாரம்’ எல்லாரும் அறிந்த சொல். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கடப்பிதழை வாங்கிப் பார்ப்பவர் குடிநுழைவு அதிகாரி; குறளில் 133 அதிகாரங்கள். அவற்றில் 56ஆவது, கொடுங்கோன்மை.

செய்தி எழுதுகிறவர்கள் சர்வாதிகாரம், கொடுங்கோன்மை, எதேச்சாதிகாரம் மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்வாதிகாரம் அதிகாரத்தின் அளவைச் சொல்கிறது: எல்லாம் ஒரே கையில். ரோமாபுரியில் அது நெருக்கடிக் காலத்துக்கென ஆறு மாதத்துக்குக் கொடுக்கப்பட்ட பதவி. 1930களில் இந்தியக் காங்கிரஸ் சட்டமறுப்புப் போராட்டம் நடத்தியபோது, ஊர்தோறும் போராட்டத்தை நடத்தியவருக்குச் ‘சர்வாதிகாரி’ என்றே பட்டம். அவர் சிறைக்குப் போனால் அடுத்தவர் சர்வாதிகாரி. அன்றைக்கு அது வசைச்சொல்லாக இருக்கவில்லை. கொடுங்கோன்மையோ ஆட்சியின் முறையைச் சொல்கிறது. ‘கொடு’ என்றால் வளைவு. வில்லுக்குக் கொடுமரம் என்று பெயர். நேரானது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். எதேச்சாதிகாரம் இவ்விரண்டையும் விட்டு வேறொன்றைக் கேட்கிறது: ஆணை எங்கிருந்து பிறக்கிறது, சட்டத்திலிருந்தா, ஒருவர் மனத்திலிருந்தா?

நம் வட்டாரத்தில் இதற்கு இந்தோனேசியாவின் முன்னாள் அதிபர் சுகார்த்தோவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 1921இல் யோக்யகர்த்தா அருகே கெமுசுக் என்ற சிற்றூரில் பிறந்தவர். டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து, ஜப்பானியர் அமைத்த படைக்கு மாறி, விடுதலைப் போரில் வளர்ந்து தளபதியானவர். 1965 அக்டோபருக்குப் பின் ராணுவம் முன்னின்று நடத்திய கம்யூனிஸ்ட் ஒழிப்பில் மாண்டவர்கள் குறைந்தது 5 லட்சம் பேர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு.

அதிகாரம் கை மாறியது ஒரு கடிதத்தில். 1966 மார்ச் 11ஆம் தேதி மூன்று தளபதிகள் போகோர் அரண்மனைக்குப் போய் அப்போதைய அதிபர் சுகர்னோவிடம் கையெழுத்து வாங்கி வந்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கும் அமைதிக்கும் ‘தேவை எனக் கருதும் எல்லா நடவடிக்கைகளையும்’ சுகார்த்தோ எடுக்கலாம் என்றது அது. கருதுகிறவர் யார்? அவரேதான். யதேச்சா என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உரை எழுத முடியாது. மறுநாளே கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. கடிதத்தின் பெயர்ச் சுருக்கம் ‘சூப்பர்செமார்’. செமார் என்பவர் ஜாவா நிழற்கூத்தில் கோமாளி வடிவில் வரும் தெய்வம். மூலக் கடிதத்தைத்தான் காணவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத படிகளே எஞ்சியுள்ளன.

அதன்பின் எல்லாம் முறைப்படி நடந்ததுபோலவே இருந்தது. 1971 முதல் 1997 வரை ஆறு பொதுத்தேர்தல்கள், ஆறிலும் சுகார்த்தோவின் கோல்கார் அமைப்புக்கே வெற்றி. எதிர்த்தரப்புக் கட்சிகள் 1973இல் இரண்டாக இணைக்கப்பட்டன. 1975இல் கிழக்குத் திமோர்மீது படையெடுப்பு. 1994இல் ‘டெம்போ’ இதழுக்குத் தடை.

சிங்கப்பூரர்களின் மூக்குக்கே எட்டிய ஆணை ஒன்று உண்டு. 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. ஐநா உணவு, வேளாண் அமைப்பு சுகார்த்தோவுக்குப் பதக்கம் அளித்தது. பத்தாண்டுகளில் மறுபடி அரிசி இறக்குமதி. 1995 டிசம்பரில் அவர் ஓர் அதிபர் ஆணை பிறப்பித்தார்: போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்க வேண்டும். மட்கிய செடிகொடிகள் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த மண் அது. நீர் நிற்கும்வரை தீப்பிடிக்காது, வடிந்தால் விறகுதான். மண்ணறிந்தவர்கள் எச்சரித்தார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் அந்த நிலம் எரிந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் தோட்டமுமாக எரிந்த தீயில் சிங்கப்பூரைப் புகைமூட்டம் சூழ்ந்தது. அவ்வாண்டு சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். தீக்குத்தான் மன்னிப்பு, ஆணைக்கு இல்லை.

சரி, எதேச்சாதிகாரத்தை வடசொல் இல்லாமல் தமிழில் எப்படிச் சொல்வது? மலாய்க்காரர்கள் ‘கூக்கு பெசி’ என்பார்கள். இரும்பு நகம் என்று பொருள். நம் ‘இரும்புக்கர’த்தைவிடக் கூர்மை. ‘வல்லாட்சி’ என்ற ஆக்கம் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. நல்ல சொல், ஆனால் வலிமையைச் சொல்லும் அளவுக்கு விருப்பத்தைச் சொல்லவில்லை. ‘தன்னிச்சை’யில் இச்சை வடசொல்லாகவே நிற்கிறது. ‘தான்தோன்றி’ சுயம்பு லிங்கத்துக்கு உரிய பெயர். பொறுப்பற்ற பிள்ளையைத் திட்டவும் வருகிறது, ஆட்சிக்கு எடுபடாது.

என் தேர்வு ‘தன்மூப்பு’. யாரையும் கேட்காமல் முடிவெடுத்தவனைத் ‘தன்மூப்பாகச் செய்துவிட்டான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். தனக்கு மூத்தவர் ஒருவரும் இல்லை என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆட்சிக்குத் தன்மூப்பாட்சி, ஆள்பவருக்குத் தன்மூப்பாட்சியர். ‘1995 ஆணை தன்மூப்பாகப் பிறப்பிக்கப்பட்டது’, ‘சுகார்த்தோவின் தன்மூப்பாட்சி 1998 மே 21ஆம் தேதி முடிவுக்கு வந்தது’ என்று எழுதலாம். நாளிதழ்த் தலைப்பில் இடம் போதாவிட்டால் வல்லாட்சி என்றே போடட்டும். கட்டுரைக்குள் தன்மூப்பாட்சிக்கு இடம் உண்டு.