புரோபயாடிக், பிரீபயாடிக்: ஒன்று உயிர், மற்றது அதன் தீனி

வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒரே சொல் போலத்தான் காதில் விழும். சத்து மாவு டப்பாக்களில் இரண்டும் அருகருகே அச்சாகி வருவதால், ஒன்றுக்கே இரண்டு பெயர் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் புரோபயாடிக் என்பது நம் குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். பிரீபயாடிக் என்பது அந்த மாதிரி நுண்ணுயிர்கள் தின்று வளரும் உணவு.

'பயாஸ்' என்றால் கிரேக்கத்தில் வாழ்வு. 'புரோ' என்றால் ஆதரவாக. ஆன்டிபயாடிக்கில் இருக்கும் 'ஆன்டி'க்கு நேர் எதிர். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் புரோபயாடிக் என்ற சொல்லைக் கையாண்டபோது பொருளே வேறு: ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொன்றை வளரத் தூண்டும் பொருளை அப்படி அழைத்தார்கள். இன்றைய பொருள் 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது: போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும், உயிருள்ள நுண்ணுயிர்கள். 'உயிருள்ள' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

பிரீபயாடிக் 1995இல் வந்தது. கிப்சன், ரோபர்ஃப்ருவா என்ற இருவர் 'புரோ'வை எடுத்துவிட்டு 'பிரீ'யைப் போட்டார்கள். நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடல் வரை போய், அங்கே குறிப்பிட்ட சில நல்ல பாக்டீரியாக்களை வளர்க்கும் உணவுக்கூறு என்பது அவர்கள் தந்த விளக்கம். வெங்காயம், பூண்டில் உள்ள இனுலின் என்ற நார்ச்சத்து இதற்குப் பழகிய உதாரணம்.

சரி, தமிழில்? 'பிரீ' என்றால் 'முன்' என்று எடுத்துக்கொண்டு 'முன்னுயிரி' ஆக்கினால் காரியம் கெட்டது. உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதியியலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். 'நன்மை பயக்கும் நுண்ணுயிர்கள்' என்பது சொல் அல்ல, விளக்கம். என் தேர்வு: புரோபயாடிக்குக்கு 'நல்லுயிரி', பிரீபயாடிக்குக்கு 'நல்லுயிரித் தீனி'. 'நல்லுயிரூட்டி' இன்னும் அழகுதான், ஆனால் மறுபடியும் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். 'தீனி' கொஞ்சம் நாட்டுப்புறமாக இருந்தாலும் குழப்பாது.

'உறை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசை வரும். புறநானூற்றின் 276ஆம் பாடலில், ஆய்மகள் நகத்தால் தெறித்த சிறிது உறை ஒரு குடம் பாலையே மாற்றிவிடுவதுபோல, ஒருவன் பகைப்படை முழுவதற்கும் நோயானான் என்று வருகிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் எத்தனை கூர்மையான கவனிப்பு! ஆனாலும் உறை பாலைத் தயிராக்கும் வேலைக்கானது. தயிரில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும். ஆனால் எந்த வகை, எவ்வளவு என்று தெரிந்து, அதன் பலனும் நிறுவப்பட்டால்தான் கறாரான பொருளில் அது நல்லுயிரி.

தயிர் தோய்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது உறை குத்த வேண்டும்; கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோயாது. உள்ளே இருப்பவை செத்துப்போகும். ரொட்டி மாவு புளித்ததுதான், ஆனால் அடுப்பிலிருந்து வரும்போது அதில் உயிர் மிச்சமில்லை. வினிகரில் ஊறிய காய் புளிக்குமே தவிர நொதித்தது அல்ல. உப்பு நீரில் தானாகப் புளித்த காய்தான் நொதித்தது. ஆகவே தயிரைக் குழம்பில் கொதிக்கவிடாமல், இறக்கி ஆறிய பிறகு சேருங்கள். தீனிக்கு அந்தக் கவலை இல்லை; வெங்காயத்தை வதக்கினாலும் இனுலின் பெரும்பாலும் தாங்கும். ஆனால் முதல் நாளே ஒரு கிண்ணம் வேண்டாம், வயிறு உப்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.