அக்குளில் கை வைத்துப் பாருங்கள்: போதையில் மிரண்டவருக்குத் துணையிருப்பது

மேஜிக் மஷ்ரூம் எனும் போதைக் காளானிலுள்ள சைலோசைபினும், நாக்கில் வைக்கும் காகிதத் துண்டான எல்எஸ்டி ஸ்டாம்பும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அது தெரிந்தும் ஒருவர் சாப்பிட்டுவிட்டு, ஓசூர் வாடகை அறையிலோ அஞ்செட்டிப் பக்கம் ஏதோ தோட்டத்திலோ மிரண்டு உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் தெளிவாக இருப்பவருக்கு முதல் வேலை பேச்சு இல்லை, உடம்பைப் பார்ப்பது.

இரண்டுமே மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்கான 2ஏ ஏற்பிகளைத் தூண்டுகின்றன. சுவர் அசையும், நேரம் நகராது, சின்னச் சத்தமும் பெரிதாகும். காளான் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் ஏறி 4 முதல் 6 மணி நேரம் இருக்கும்; எல்எஸ்டி 8 முதல் 12 மணி நேரம். சாப்பிட்ட நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். இப்படியே இருந்துவிடுவோமோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். காளான் சாப்பிட்டவரிடம் "மச்சி, எட்டரைக்குச் சாப்பிட்ட, இப்ப பத்தரை. ரெண்டரைக்குள்ள எறங்கிடும், நான் இங்கதான் இருக்கேன்" என்றால் போதும். அவர் காண்பது பொய் என்று வாதாடாதீர்கள். டிவியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை அனுப்பிவிடுங்கள். பைக் சாவி உங்கள் பையில் இருக்கட்டும். பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளிருந்து போடமுடியாதபடி துணி சுற்றிவிடுங்கள். மொட்டை மாடி, ஒகேனக்கல் பாறை, யானை நடமாடும் காட்டோரம் எதுவும் அந்த நேரத்துக்கு ஆகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் குழப்பம் வருவது ஊமத்தையால். வேலியோரம் இலவசமாகக் கிடைக்கிறது; 'இதுவும் அதே மாதிரிதான்' என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அதே மாதிரி இல்லவே இல்லை. இதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் இரண்டும் நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் வேலையை மறிக்கின்றன. அதனால் வியர்வை, எச்சில் நின்றுபோகும், இதயம் வேகமெடுக்கும், சிறுநீர் அடைபடும். கண்பாவை விரிவது இரண்டிலும் உண்டு, அதை நம்பாதீர்கள். அக்குளில் கை வையுங்கள். காளான், ஸ்டாம்ப் என்றால் ஈரம் இருக்கும். காய்ந்து, சூடாக இருந்தால் ஊமத்தையைச் சந்தேகியுங்கள். இல்லாத ஆளோடு சகஜமாகப் பேசுவார், காற்றில் எதையோ பிடுங்குவார், அடிவயிறு உப்பியிருக்கும். தான் போதையில் இருப்பதே அவருக்குத் தெரியாது, ஆகவே ஆறுதல் பேச்சு எடுபடாது. குடல் அசைவும் மந்தமாவதால் விஷம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய், ஒன்றிரண்டு நாள் நீடிக்கலாம். உடனே 108. மீதமுள்ள காயையோ இலையையோ பையில் போட்டு எடுத்துப் போங்கள். வண்டி வரும்வரை ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். வியர்க்காத உடம்பு தானாகக் குளிராது.

காளான், ஸ்டாம்ப் என்றாலும் வலிப்பு, நெஞ்சுவலி, கொதிக்கும் காய்ச்சல், கால் விறைத்துத் துடிப்பது, எழுப்பினாலும் எழாமை இவற்றில் ஒன்று வந்தால் காத்திருக்கக் கூடாது. மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு வலிப்பு வரும் ஆபத்து அதிகம். ஸ்டாம்ப் நாக்கில் கசந்தது என்றால் அது எல்எஸ்டியாக இல்லாமல் என்போம் (NBOMe) எனும் செயற்கைப் போதைப்பொருள் வகையாக இருக்கலாம். அதில் உயிரிழப்புகள் உண்டு.

பக்கத்து வீட்டு வைத்தியம்தான் பல நேரம் கெடுக்கும். புளித்தண்ணீர், மோர், எலுமிச்சை எதுவும் போதையை இறக்காது. உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தால் ரத்தத்தில் சோடியம் எகிறும். தெளிவில்லாதவருக்கு வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். நான்கு பேர் குப்புற அழுத்திப் பிடித்தால் மூச்சு திணறும், உடம்புச் சூடும் ஏறும். நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கேஸ் ஆகிவிடுமே என்று மருத்துவரிடம் 'ஃபுட் பாய்சன்' என்று சொல்பவர்கள் உண்டு. இது முட்டாள்தனம்: ஊமத்தைக்கான மாற்றுமருந்தும் காளான் பதற்றத்துக்கான மருந்தும் வேறு வேறு. என்ன, எப்போது, எவ்வளவு என்பதை அப்படியே சொல்லுங்கள். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117இல் கிடைக்கும். போதை இறங்கித் தூங்கி எழுந்த பிறகும் குரல் கேட்பது, சந்தேகப்படுவது தொடர்ந்தால், அதிலும் குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால், அன்றே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்; அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416.