கடைமடைக்கு எட்டாத மின்சாரம்

கல்லிடைக்குறிச்சியில் என் மாமா வைத்திருக்கும் பழைய டீசல் காரில் இரவுப் பயணம் என்றாலே அச்சமாக இருக்கும். ஹெட்லைட் எரியும், ஆனால் மஞ்சளாக, சோகை பிடித்ததுபோல எரியும். சாலையில் படுத்திருக்கும் எருமை அருகில் போன பிறகுதான் கண்ணில் படும். மாமா இரண்டு முறை பல்பை மாற்றினார். பயனில்லை.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். விளக்கு எரிகையில் பல்பின் முனைகளில் 11.6 வோல்ட்தான். நடுவே 2.2 வோல்ட் போன இடம் தெரியவில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அணைக்கட்டில் தண்ணீர் தளும்பினாலும், கால்வாய் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காயும். ஒரு வேறுபாடு உண்டு. கால்வாயில் தண்ணீரே குறைகிறது. மின்சுற்றில் ஓட்டம் எங்கும் ஒன்றுதான், வழிநெடுக இறங்குவது அதைத் தள்ளும் அழுத்தம். பழைய வண்டிகள் பலவற்றில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம் சுவிட்ச் எனச் சுற்றிக்கொண்டு மெல்லிய ஒயர்களில் வருகிறது. கறுத்துப்போன ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்கிறது. இழந்த 2.2 வோல்ட்டை, ஓடும் சுமார் 9 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 20 வாட். அவ்வளவும் வழியிலேயே வெப்பமாகிறது. சுவிட்ச் சுடுவதற்குக் காரணம் இதுதான்.

16 விழுக்காடு அழுத்தம் குறைந்தால் வெளிச்சமும் அவ்வளவுதானே குறையும் என்று நினைப்போம். இல்லை, கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஹாலஜன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கின்படி மாறுகிறது. டங்ஸ்டன் இழையின் சூடு சற்றே தணிந்தாலும் அதன் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நிறம் மஞ்சளிப்பதும் அதனால்தான்.

இதற்கு மருந்து ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக நேரே பல்புக்குக் கொண்டுபோக வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய சுவிட்ச் இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. மின்சாரம் வண்டியின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பையும் மறக்கக் கூடாது. உவரிப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் எர்த் போல்ட் துருவேறியே பாதி வெளிச்சம் போயிருக்கும்.

100 வாட் பல்பு போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஓட்டம் கூடினால் அதே ஒயரில் இழப்பும் கூடும், பல்பு ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்கென்று வடித்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் தீர்வல்ல. ஒளி பிறக்கும் இடம் சற்று விலகினாலும் கற்றை சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். ரிஃப்ளெக்டரே மங்கியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

ரிலே போட்ட பிறகு மாமாவின் காரில் பல்புக்கு 13.4 வோல்ட் வந்தது. அன்று மாலையே காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, கற்றையின் உயரத்தைச் சரிசெய்தோம். பின்னால் இரண்டு நெல்மூட்டைகளை ஏற்றி வைத்துத்தான் செய்தோம். பின்பக்கம் பாரம் அமுக்கினால் ஒளி மேலே எழுந்துவிடும், மாமா பெரும்பாலும் மூட்டையோடுதான் போவார்.