பார்வையற்ற மாணவருக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறீர்களா?

இந்த ஆண்டில் இப்படி ஒரு மாணவர் என்னிடம் வருவது இது மூன்றாவது முறை. முதுகலையில் ஜெர்மன் எடுக்க ஆசைப்படும் ஒரு பெண், பிறவியிலேயே பார்வை இல்லை, வேறொரு இடத்தில் ஏ2 என்ற இரண்டாம் நிலை வரை முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். பேச்சு அருமை. ஒரு பத்தி தட்டச்சு செய்யச் சொன்னேன், 'சைட்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். "டாக்டர் டீயா, டைகர் டீயா மேடம்?" முதல் டீ போட்டால் 'இருக்கிறீர்கள்', இரண்டாவது போட்டால் 'அப்போதிலிருந்து'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். "உனக்கு எதுக்கும்மா ஸ்பெல்லிங், கேட்டுப் பேசினா போதும்" என்று சொல்லியே இரண்டு நிலைகளைத் தாண்ட வைத்திருக்கிறார்கள்.

போதாதுங்க! 'ஸீ' என்றால் அவள், அவர்கள், மரியாதைக்குரிய நீங்கள், மூன்றும்தான். அந்த 'நீங்கள்' மட்டும் எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கும். ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வேகமாகப் படிக்கும்போது இது காதில் விழாது. தேர்வின் நான்கு பகுதிகளில் வாசிப்பும் எழுத்தும் இரண்டு. நாளைக்கு ஆய்வேடு எழுத வேண்டிய பெண்ணுக்குப் பாதி மொழியை மட்டும் கொடுத்து அனுப்புவது கருணை ஆகாது.

நான் எம்.ஏ. படித்தபோது பக்கத்து இருக்கையில் இருந்த பார்வையற்ற தோழிக்கு வந்த பாடநகல்கள் எல்லாம் ஸ்கேன் செய்த படங்கள், அவளுடைய கணினிக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மாலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுக்க ஆரம்பித்தேன், இந்த வேலைக்கு நான் வந்த வழி அதுதான்.

அதனால் பிடிஎஃப் அனுப்பும் முன் மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, அது வெறும் படம், அனுப்பாதீர்கள். வேர்டு கோப்பில் மொழியை ஜெர்மன் என்று குறியுங்கள், இல்லாவிட்டால் 'டீ' (die) என்ற பெண்பால் சுட்டை ஆங்கிலக் குரல் 'டை' என்று படித்துவைக்கும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம்தான், ஜெர்மன் குரலும் அதிலேயே உண்டு. பிரெயில் தெரிந்தவர்களுக்கு ஜெர்மன் பிரெயில் அட்டவணையை முதல் நாளே கொடுங்கள். ஆங்கிலச் சுருக்க பிரெயிலில் 'ஓ டபிள்யூ'வாக வரும் 2-4-6 புள்ளிகள் இங்கே ஓ உம்லௌட், அதாவது தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓ (ö), சொல்லாவிட்டால் பிள்ளை குழம்பும். அப்புறம், கரும்பலகையைக் காட்டி "இது இங்கே வரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று: தேர்வுக்குக் கூடுதல் நேரமோ வேறு வசதியோ வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சான்றிதழோடு கேளுங்கள், தேர்வன்று காலையில் கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கேட்கக் கூச்சப்படாதீர்கள் கண்ணுகளா, நேரம்தான் கூடுகிறது, கேள்வி அதேதான்.