அனோட்டேஷன்: குறி, குறிப்பு, குறிப்புரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, வேலந்தாவளத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது மலையாளம். நூலகத்தை நாங்களும் வாயனசாலை என்றே சொல்கிறோம். எங்கள் ஊர் வாயனசாலையில் ஒன்பது பேர் சேர்ந்து ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ படித்தோம். 1879இல் அச்சேறிய, தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் அந்நூலின் மின்பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தின்மேல் எல்லோரும் குறிப்பு எழுத இடந்தரும் ஹைப்போதெசிஸ் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்ததும் அதன்மேல் ‘அனோட்டேட்’ என்ற பொத்தான் தோன்றும். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று முதல் நாளே கேட்டார்கள். சிறுகுறிப்பு என்றார் ஒருவர். விளக்கவுரை என்றார் இன்னொருவர். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் குறிப்புரை என்றார். மூன்றும் பழக்கத்தில் உள்ள சொற்களே. ஆனால் மூன்றும் ஒரே செயலைச் சுட்டுவன அல்ல.

அனோட்டேஷன் இலத்தீனிலிருந்து வந்த சொல். ‘நோட்டா’ என்றால் அம்மொழியில் அடையாளம், குறி. ‘நோட்டாரே’ என்றால் குறியிடுதல். அதன் முன் ‘அத்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘அன்னோட்டாரே’ ஆகும்போது, ஏற்கெனவே உள்ள ஒன்றன்மேல் குறியிடுதல் என்று பொருள் அமைகிறது. நாம் அன்றாடம் சொல்லும் நோட்டு, நோட்ஸ் ஆகியவையும் அதே வேரிலிருந்து ஆங்கிலத்தின் வழியாக வந்தவையே. இங்கே ஒரு தவறான உறவைத் தவிர்க்க வேண்டும். நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பதைக் குறிக்கும் ‘நோட்டம்’ ஒலியால் நெருங்கி நின்றாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; அது கன்னடத்தில் ‘நோடு’ என்று இன்றும் வழங்கும் திராவிட வேரின் கிளை.

‘நோட்டா’வுக்கு நேராக நிற்கும் தமிழ்ச் சொல் குறி. எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு இச்சொல்லின் அகலம் இரண்டு மொழிகளிலிருந்தும் சேர்ந்து கிடைக்கிறது. கோயிலிலிருந்து வருபவரின் நெற்றியில் இருப்பது சந்தனக்குறி. மாதந்தோறும் பணம் கட்டும் சீட்டை மலையாளத்தில் குறி என்பார்கள். எங்கள் பக்கத்துத் தமிழர்களும் ‘குறி சேர்ந்திருக்கிறோம்’ என்பதுண்டு. மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு மலையாளத்தில் குறிப்படி. அம்மொழியில் புகைப்படத்தின் கீழே எழுதும் வரி அடிக்குறிப்பு. தமிழில் அதே சொல் பக்கத்தின் அடியில் வரும் சான்றுக் குறிப்பைச் சுட்டுகிறது. இவற்றோடு, குறி என்பதற்கு இலக்கு என்றும் பொருள் உண்டு. குறி பார்த்து எறிகிறோம், குறி தவறியது என்கிறோம். இந்தக் கடைசிப் பொருள் நம் கேள்விக்கு மிகவும் வேண்டியது என்பதால் பிறகு மீண்டும் வருகிறேன்.

குறி என்பதிலிருந்து வந்த குறிப்பு, குறியைவிட ஆழமாகச் செல்லும் சொல். ‘இசையினும் குறிப்பினும் பண்பினும் தோன்றி’ என்று தொல்காப்பியம் உரிச்சொல்லை விளக்கும்போது, குறிப்பு என்பது மனத்தால் உணரப்படுவதைச் சுட்டுகிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் மன்னனின் முகம் பார்த்து அவன் உள்ளத்தை அறியும் அமைச்சனைப் பேசுகிறது. இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் காதலியின் பார்வையைப் படிக்கும் காதலனைப் பேசுகிறது. எழுதி வைத்ததும் குறிப்பு, எழுதாமல் உணர்த்துவதும் குறிப்பு. நாவலின் ஓரத்தில் ஒரு வாசகர் எழுதும் இரண்டு வரியில் இவ்விரண்டுமே இருக்கின்றன: அவர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுகிறார், அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததனாலேயே தம் மனத்தையும் காட்டிவிடுகிறார். அனோட்டேஷன் என்ற சொல்லில் இந்த இரண்டாம் பொருள் இல்லை.

உரை என்பது வேறு. தமிழில் அதற்கு வரையறுத்த இலக்கணமே உண்டு. பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள் என்று தொடங்கி உரையின் கூறுகள் பதினான்கை நன்னூல் எண்ணுகிறது. சுருக்கமான காண்டிகை, விரிவான விருத்தி என்று உரையை வகுத்தும் காட்டுகிறது. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதியது விரிந்த உரை. அவருக்கு முன் பெயர் தெரியாத ஒருவர் கடினமான சொற்களுக்கு மட்டும் எழுதியது அரும்பதவுரை. உ.வே.சாமிநாதையர் 1892இல் இரண்டையும் சேர்த்தே பதிப்பித்தார். நாங்கள் கைப்பேசியில் செய்த வேலைக்கு மரபில் மிக அருகில் நிற்பவர் அந்த அரும்பதவுரைகாரர்தான். எல்லாவற்றையும் விளக்கும் பொறுப்பை அவர் ஏற்கவில்லை. தடுக்கிய இடத்தில் மட்டும் நின்று பொருள் சொல்லிவிட்டு நகர்கிறார். ஆயினும் அவர் எழுதியது ஒரு நூல் முழுவதற்கும் ஒருவர் தந்த, முதலும் முடிவும் உள்ள ஆக்கம். ‘இந்த இடம் புரியவில்லை’ என்று மட்டும் எழுதிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவியின் வரியை உரை என்று சொன்னால், உரை என்ற சொல்லும் தளர்ந்துவிடும். அவளும் எழுதத் தயங்குவாள். எனவே விளக்கவுரை பொருந்தாது. ஒருவர் தொகுத்துச் செம்மைப்படுத்தி நூலோடு அச்சிடத் தரும் குறிப்புகளின் தொகுதிக்குக் குறிப்புரை என்ற பெயரை ஒதுக்கி வைப்பதே நல்லது.

சிறுகுறிப்பு மென்பொருள்களின் தமிழாக்கத்தில் பல இடங்களில் தென்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் பள்ளிப்படிப்பு முடித்த எவருக்கும் அச்சொல் ‘சிறுகுறிப்பு வரைக’ என்ற வினாத்தாள் வரியைத்தான் நினைவுக்குக் கொண்டுவரும். அங்கே மாணவர் எழுதுவது தனித்து நிற்கும் பத்தி, ஒரு மூலத்தின்மேல் இட்ட குறி அன்று.

இங்கேதான் குறி என்பதன் இலக்கு என்ற பொருள் உதவிக்கு வருகிறது. ஓலைச்சுவடியில் மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். எங்கே மூலம் முடிகிறது, எங்கே உரை தொடங்குகிறது என்று பிரித்தறிவதே பதிப்பாசிரியர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. தாள் வந்த பிறகுதான் எழுதுவதற்கு ஓரம் கிடைத்தது. இணையத்தில் நிலைமை முற்றிலும் வேறு: நாம் எழுதுவது நாவலின் பக்கத்தில் பதிவதே இல்லை. 2017இல் வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட வரையறையின்படி, ஒரு குறிப்புக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நாம் எழுதும் உள்ளடக்கம். மற்றொன்று அது சென்று பொருந்த வேண்டிய இலக்கு. கருவி நம் குறிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, நாம் தேர்ந்த தொடரையும், அதற்கு முன்னும் பின்னும் வரும் சில எழுத்துகளையும் நினைவில் வைத்து, பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. எழுதியதும் குறி, எய்ததும் குறி என்று இரண்டையும் ஒரே வேரில் வைத்திருக்கும் தமிழுக்கு இந்த அமைப்பை விளக்கப் புதுச்சொல் தேவையே இல்லை.

இலக்குத் தவறுவதும் உண்டு. மின்பதிப்பில் யாராவது ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலே குறிப்பு தன் இடத்தை இழக்கக்கூடும். தமிழில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை ஒருங்குறியில் (யூனிகோடில்) ககரத்தோடு ஓர் ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கருவிக்கு இரண்டும் வேறு. தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால நூல்களைப் போல, பழைய எழுத்துக் குறியாக்கங்களில் உள்ளிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிய நூல்களைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இடமிழந்த குறிப்பை ஆங்கிலத்தில் அனாதை என்ற பொருளில் அழைக்கிறார்கள். ‘குறி தவறிய குறிப்பு’ என்றால் நடந்தது என்னவென்றே சொல்லிவிடும்.

கூட்டாகக் குறிப்பெழுதுவதன் பயன் எனக்கு விளங்கியது ‘ஸ்திரீ’ என்ற ஒரே சொல்லில். இந்நாவலை எழுதிய, பெண்கல்வியில் அக்கறை கொண்ட வேதநாயகம் பிள்ளையின் நடையில் ‘ஸ்திரீகள்’ என்ற சொல் வருவது இயல்பு. கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், ‘பெண் என்பதற்கான வடசொல்; இன்று வழக்கில் இல்லை’ என்று எழுதினார். அதன் கீழே மாணவி ஒருத்தி எழுதினாள்: ‘அண்ணா, காலையில் நான் ஏறுகிற பஸ்ஸில் பெண்கள் இருக்கைக்கு மேலே ஸ்திரீகள் என்றுதான் எழுதியிருக்கிறது.’ டீச்சர் மூன்றாவதாக, 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் இயல்பாக இருந்த சொல் நம் பக்கத்தில் மலையாளத்தின் வழியாக இன்னும் காதில் விழுகிறது என்று சேர்த்தார். முதல் குறிப்புத் தவறில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் அது சரி. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்தச் சொல்லின் நிலை முழுமையாகத் தெரிகிறது. இதற்குக் கூட்டுக்குறிப்பு என்ற பெயரும், தனியாள் தம் படியில் எழுதிக்கொள்வதற்கு ஓரக்குறிப்பு என்ற பெயரும் தகும் என்பது என் முடிவு.

அப்படியானால் அந்நூலில் ஸ்திரீ எங்கெங்கே வருகிறது, பெண் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கத் தோன்றும். அதற்கு வேண்டியது சொல்லடைவு. ஆங்கிலத்தில் இதைக் கன்கார்டன்ஸ் என்பார்கள். இலத்தீனில் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ அதன் வேர், ஒத்த மனம் என்பது முதற்பொருள். 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஹியூ என்ற டொமினிக்கத் துறவியின் தலைமையில் விவிலியத்துக்கு அடைவு செய்தார்கள். 1949இல் இத்தாலியப் பாதிரியார் ரொபெர்த்தோ பூசா ஐபிஎம் நிறுவனத்தின் உதவியைப் பெற்று, இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் எழுத்துகளுக்குத் துளையட்டை இயந்திரங்களால் அடைவு செய்யத் தொடங்கினார். அது அச்சில் 56 தொகுதிகளாக வந்தது. தமிழில் இந்தப் பணிக்குக் கேரள மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய்.சுப்பிரமணியம் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டார். சொல்லடைவு என்ற பெயரில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அடைவு என்றால் முறை, ஒழுங்கு. பரதநாட்டியத்தின் ‘அடவு’ம் இதே வடிவத்தை நினைவூட்டுகிறது.

இன்று வாயன்ட், ஆன்ட்கான்க் போன்ற கருவிகள் நொடியில் அடைவு செய்து தருகின்றன. தமிழில் அவற்றை அப்படியே நம்ப முடியாது. நாவலின் தலைவி ஞானாம்பாளை எடுத்துக்கொள்வோம். ஞானாம்பாள், ஞானாம்பாளை, ஞானாம்பாளைக், ஞானாம்பாளைப், ஞானாம்பாளுக்கு, ஞானாம்பாளுடைய ஆகிய ஒவ்வொன்றையும் கருவி தனிச் சொல்லாக எண்ணும். வேற்றுமை உருபால் பிரிந்தது போதாதென்று, வல்லினம் மிகுந்ததால் ஒரே இரண்டாம் வேற்றுமையும் மூன்றாகச் சிதறுகிறது. இதற்கு எளிய வழி ஒன்று: ஆன்ட்கான்க்கில் ‘ஞானாம்பாள’ என்று புள்ளியில்லாமல் தட்டி, பின்னால் ஓர் உடுக்குறி (*) இட வேண்டும். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் மெய்யின் உருவுக்குப் பின்னால் தனி எழுத்தாக நிற்பதால், எல்லா வடிவங்களும் அந்த வலையில் விழும். ‘அரச’ என்று இட்டால் அரசனோடும் அரசியோடும் அரசமரமும் சேர்ந்து வரும். அதைக் களைவது மனிதர் வேலை.

களையும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர், வினை, ஆள், இடம் என்று அடையாளமிட்டு வைப்பதையும் ஆங்கிலத்தில் அனோட்டேஷன் என்றே சொல்கிறார்கள். தமிழில் இதையும் குறிப்பு என்றால் குழப்பம் வரும். முன்பே வகுத்த அடையாளங்களில் ஒன்றைப் பொருத்தும் இந்த வேலையில் வாசகரின் மனம் வெளிப்படுவதில்லை. ஆகவே குறியிடல் என்பதே போதும்.

வாயனசாலைப் பலகையில் அடுத்த சந்திப்பை அறிவிக்கும்போது ‘கூட்டுக்குறிப்பு வாசிப்பு’ என்று தமிழில் எழுதினோம். மலையாளம் மட்டும் தெரிந்த நூலகருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியபோது அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் மொழியில் கூட்டு என்றால் தோழமை. ‘கூட்டுகாரர் சேர்ந்து எழுதும் குறிப்பு’ என்று அவரே பொருள் சொன்னார். அவ்வரியை அதன் கீழேயே மலையாள எழுத்திலும் எழுதி வைத்தார்.